கடலடியில் இருக்கும் சென்சார் டேட்டா கரைக்கு எப்படி வருகிறது?

அலைமகன்:
வணக்கம். கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காகக் கேட்கிறேன். வங்கக் கடலில் 3000 மீட்டர் ஆழத்தில் ஒரு அழுத்தமானியை வைத்தால் அதன் அளவுகள் எப்படிக் கரைக்கு வந்து சேரும்? வைஃபை மாதிரி ஏதாவது பண்ண முடியாதா என்று கேட்டேன், எங்கள் சார் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆழி22:
சிரித்ததில் தப்பில்லை தம்பி. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் ரேடியோ அலையை விழுங்கிவிடும். வைஃபை சில சென்டிமீட்டர் தாண்டாது. தூரம் போவது ஒலிதான், நொடிக்குச் சுமார் 1500 மீட்டர். சுனாமி மிதவை அப்படித்தான் வேலை செய்கிறது: தரையில் இருக்கும் கருவி நீரின் எடையை அளந்து மோடம் வழியாகக் கீச்சிடும், மேலே மிதக்கும் மிதவை அதைக் கேட்டு சாட்டிலைட்டுக்குத் தள்ளும், அங்கிருந்து ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்துக்குப் போகும். ஆனால் வேகம் பழைய டயல்-அப்பை விட மோசம். அதனால்தான் அமெரிக்காவின் டார்ட் என்ற சுனாமிக் கருவி சும்மா இருக்கும்போது 15 நிமிடத்துக்கு ஓர் அளவுதான் அனுப்பும், சுனாமி மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் மட்டும் 15 நொடிக்கு ஒன்று, அப்புறம் நிமிடத்துக்கு ஒன்று.

வலைக்காரன்:
மிதவைதான் இதில் நோஞ்சான். அதன் நிழலில் மீன் கூடும், நடுக்கடலில் அப்படி ஓர் இடம் கிடைத்தால் எவன் விடுவான், படகைக் கொண்டுபோய் அதிலேயே கட்டுவார்கள், இழுத்த இழுப்பில் ஆன்டெனா போய்விடும்.

கேபிள் ராசு:
காசு இருந்தால் ஜப்பான் வழி. 2011 சுனாமிக்கு அப்புறம் எஸ்-நெட் என்று 150 நிலையங்களை 5000 கிலோமீட்டருக்கும் மேலான கேபிளில் கோத்து கடலடியில் போட்டார்கள். டேட்டா உடனுக்குடன் வரும், கரன்ட்டும் அதே கேபிளில் போகும். பேட்டரி கவலையே இல்லை.

அலைமகன்:
நன்றி அண்ணா. எனக்கு ஆறு மாத ஓத அளவு போதும், அவசரம் ஒன்றும் இல்லை.

ஆழி22:
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! அப்படியென்றால் எதையும் அனுப்பவே வேண்டாம். உள்ளே மெமரி கார்டில் பதியட்டும், ஆறு மாதம் கழித்துக் கப்பலில் போய் ஒலி சிக்னல் கொடுத்தால், கருவியை எடைக்கல்லோடு பிடித்திருக்கும் கொக்கி விடும், எடைக்கல் அடியில் கிடக்க, கருவி தானாக மேலே மிதந்து வரும். நாங்கள் ஒருமுறை போனபோது இரண்டு மணி நேரம் கத்தியும் பதிலே இல்லை. கேப்டன் இன்ஜினை அணைத்த பிறகுதான் கேட்டது, அதுவரை எங்கள் ப்ரொப்பெல்லர் சத்தமே அதை அமுக்கியிருக்கிறது. அப்புறம், 3000 மீட்டர் ஏறி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இருட்டிய பிறகு மேலே வருகிற மாதிரி பார்த்துக்கொள். பகலில் அலைக்கு நடுவே ஆரஞ்சுக் கொடியைத் தேடிக் கண் பூத்துப்போகும், ராத்திரி என்றால் மின்னும் விளக்கு பளிச்சென்று தெரியும்.

கேபிள் ராசு:
இறக்கும் முன்னும் எடுத்த உடனேயும் கருவியின் கடிகாரத்தை ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுக் குறித்து வை. அடியில் ஜிபிஎஸ் கிடையாது, கடிகாரம் தன்பாட்டுக்கு விலகிக்கொண்டே போகும்.

அலைமகன்:
குறித்துக்கொண்டேன். இனி கப்பலுக்கு யாரைப் பிடிப்பது என்பதுதான் பாக்கி :)