ஹாபிட்: பாட்டைத் தாண்டிவிட்டுப் படித்தால் என்ன குறை?

தாம்பரம்_லோக்கல்:
டோல்கீனின் 'தி ஹாபிட்' ஒருவழியாக முடித்தாயிற்று. காலையில் தாம்பரத்திலேயே ஏறுவதால் உட்கார இடம் கிடைக்கும், எழும்பூர் வரும்வரை படிப்பேன், அப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது. படிக்காதவர்களுக்காகக் கதை இதுதான்: வீடு, டீ, கேக் என்று நிம்மதியாக இருக்கும் பில்போ என்கிற ஹாபிட்டை (ஹாபிட் என்றால் கதையில் வரும் குட்டை மனிதர் இனம்), 13 குள்ளர்களும் காண்டால்ஃப் என்கிற மந்திரவாதியும் சேர்ந்து கிளப்பிக்கொண்டு போகிறார்கள். ஸ்மாக் என்கிற டிராகன் வளைத்துப் போட்ட மலையையும் புதையலையும் மீட்க வேண்டும்.

எனக்கு இரண்டு புகார். முதலாவது பாட்டு. எதற்கெடுத்தாலும் பாடுகிறார்கள், தட்டு கழுவினால்கூடப் பாட்டு. தியேட்டரில் பாட்டு வந்தால் தம் அடிக்க வெளியே போவார்களே, அந்த மாதிரி நான் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். கதையில் ஒன்றும் குறையவில்லை.

இரண்டாவது, பில்போ பெரிய தைரியசாலி என்று எல்லோரும் சொல்வது. அவன் கையில் மாய மோதிரம் இருக்கிறது, போட்டால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அது இருந்தால் நானும்தான் டிக்கெட் இல்லாமல் டி.டி.ஆர். முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடப்பேன். டிராகனைக் கொல்வதும் அவன் இல்லை, பார்ட் என்கிற வில்லாளி. கடைசிப் பெரிய போரில் தலையில் கல் விழுந்து மயங்கிக் கிடக்கிறான். நம் ஊரில் போர்க்களத்தில் ஆயிரம் யானையை வென்றவனுக்குத்தான் பரணி பாடினார்கள். இவனுக்கு என்ன பாடுவது?

ராயபுரத்தான்:
பாஸ், தம் அடிக்கப் போனவர் படம் நன்றாக இல்லை என்று சொல்லக்கூடாது.

காட்டில் குள்ளர்களை ராட்சதச் சிலந்திகள் கட்டித் தொங்கவிட்டிருக்கும். அப்போது பில்போ என்ன செய்கிறான்? பாடுகிறான். சிலந்திகளைத் திட்டி, அந்த இடத்திலேயே இட்டுக்கட்டிய பாட்டு. அதில் வரும் 'அட்டர்காப்' என்பது சிலந்திக்கான பழைய ஆங்கிலச் சொல், அவற்றுக்கு அது வசவு மாதிரி உறைக்கிறது. கோபத்தில் அவை குள்ளர்களை விட்டுவிட்டு இவன் குரலைத் துரத்துகின்றன. நீங்கள் சொன்ன மோதிரம் விரலில்தான் இருக்கிறது, சரி. ஆனால் ஒளிந்துகொள்ள மோதிரம் போட்டவன் வாயைத் திறப்பானா? திறந்து, நான் இங்கே இருக்கிறேன் வா என்று கூப்பிடுகிறான். நீங்கள் புரட்டிய பக்கத்தில்தான் அந்தத் தைரியம் இருக்கிறது.

இன்னொன்று, எல்ஃப்கள் என்கிற காட்டுத் தேவர் கூட்டத்தின் பீப்பாய்ப் பாட்டு. காலிப் பீப்பாய்களை ஆற்றில் உருட்டிவிடும்போது பாடுவது. என் தாத்தா காசிமேட்டில் வலை இழுத்தவர், அம்பா பாட்டு இல்லாமல் கை சேராது என்பார். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் ஏலேலோ என்று வாங்கிக்கொள்ள, அந்த மூச்சில்தான் வலை நகரும். எனக்கு அந்தப் பீப்பாய்ப் பாட்டு அப்படித்தான் கேட்டது. அதை அலங்காரம் என்று தள்ளுகிறவர் கயிறு இழுத்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம் (நானும் இழுத்ததில்லை, அது வேறு விஷயம்).

ஓரசீட்டு:
பாட்டு முக்கியம் என்பதில் ராயபுரத்தான் பக்கம். ஆனால் பாட்டு தைரியம் தருகிறது என்று போனால் மாட்டிக்கொள்வோம். முதல் அத்தியாயத்தில் குள்ளர்கள் இருட்டில் உட்கார்ந்து, அவர்கள் தலைவன் தோரின் தங்க யாழை மீட்ட, தொலைந்த தங்கத்தைப் பற்றிப் பாடுகிறார்கள். பில்போவுக்கு உள்ளே ஏதோ விழித்துக்கொள்கிறது, மலை பார்க்க வேண்டும், கைத்தடிக்குப் பதிலாக வாள் கட்ட வேண்டும் என்று ஆசை. அடுத்த நிமிடம் ஜன்னல் வழியே தூரத்தில் யாரோ விறகு மூட்டுவது தெரிகிறது. டிராகன் நினைப்பு வந்து நடுங்கிவிடுகிறான். பாட்டு தந்த வீரத்தின் ஆயுள் ஒரு தீ தெரியும்வரைதான்.

மலைக்குப் பக்கத்து ஏரிப்பட்டணத்து மக்களைப் பாருங்கள். குள்ளர்களின் மலை ராஜா திரும்பி வந்தால் ஆறு பொன்னாக ஓடும் என்று பாடிக்கொண்டே இருந்தார்கள். ஸ்மாக் நெருப்போடு வரும் வெளிச்சத்தைப் பார்த்து, பாட்டில் சொன்னபடி பொன் ஓடுகிறது என்று சந்தோஷப்படுகிறார்கள்! பார்ட் ஒருவன்தான் டிராகன் என்று கத்துகிறான். பின்னால் புதையலில் பங்கு கேட்டு பார்டின் ஆட்களும் எல்ஃப்களும் மலையை முற்றுகையிடும்போது, தோரினைக் குஷிப்படுத்தக் குள்ளர்கள் பாடும் பாட்டு அவன் பிடிவாதத்துக்கு நெய் ஊற்றுகிறது. கோப்ளின்கள் என்கிற கெட்ட பூதங்களும் பாடுகின்றன, மரத்துக்குக் கீழே தீ வைத்துவிட்டு, மேலே மாட்டிக்கொண்டவர்களைக் கேலி செய்து. பாட்டுக்கு நல்லவன் கெட்டவன் கிடையாது. கல்யாண வீட்டிலும் மைக் செட், கட்சிக் கூட்டத்திலும் அதே மைக் செட்.

நூலகப்பூச்சி:
தம்பி தாம்பரம், மோதிரத்தைக் கழற்றிவிட்டே பேசுவோம். குள்ளர்கள் உயிராக மதிக்கும் ஆர்க்கென்ஸ்டோன் என்கிற மணியைப் பில்போ எடுத்து ஒளித்து வைத்திருக்கிறான். போரைத் தடுக்க அதை ராத்திரியில் கொண்டுபோய் எதிரணியிடம், பார்ட் கையில் கொடுக்கிறான். எல்ஃப் ராஜா, இங்கேயே இருந்துவிடு என்று மரியாதையாகச் சொல்கிறான். இவன் மாட்டேன் என்கிறான். கூட வந்தவர்களை இப்படி விட்டுவிட முடியாது, அதோடு பாம்பரை (குள்ளர்களில் ஒருவன்) நள்ளிரவில் எழுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன் என்கிறான்! அந்தக் காரணத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். திரும்பிப் போய், மறுநாள் தோரின் முகத்துக்கு நேரே நான்தான் கொடுத்தேன் என்கிறான். தோரின் அவனைத் தூக்கிக் குலுக்கி, பாறையில் எறியவே பார்க்கிறான். அங்கே மோதிரம் எந்த வேலைக்கு ஆகும்?

டிராகன் கட்டத்துக்கும் வருகிறேன். ஸ்மாக்குக்கு இவன் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மோப்பம் தெரிகிறது. அதற்கும் முன்னால், சுரங்கத்தில் குறட்டைச் சத்தம் கேட்டு, சிவந்த வெளிச்சம் தெரிந்து ஒரு நிமிடம் நிற்கிறான். அங்கிருந்து மேலே நடந்ததுதான் அவன் செய்ததிலேயே பெரிய வீரம், உண்மையான போர் அங்கே தனியாக நடந்து முடிந்துவிட்டது என்று ஆசிரியரே எழுதுகிறார். எழுதியவர் முதல் உலகப் போரில், 1916இல் பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் இருந்தவர். பயம் எங்கே வரும் என்று அவருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

தாம்பரம்_லோக்கல்:
அக்கா, மணி விஷயம் நியாயம், அதை நான் துரோகம் என்று படித்துவிட்டேன். ஆனால் அவனுடைய நல்ல குணத்துக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டும் கட்டம், மோதிரம் கிடைத்த குகை இருட்டில், அதைத் தொலைத்த கொல்லம் என்கிற பிராணியைக் கொல்லாமல் தாண்டிக் குதிப்பது. அது 1937இல் வந்த முதல் பதிப்பில் கிடையாது. அதில் கொல்லமே பில்போவோடு போட்ட விடுகதைப் போட்டியில் தோற்று, ஒழுங்காக வழி காட்டி அனுப்பிவிடுவான். இரக்கம் எல்லாம் 1951 பதிப்பில் ஒட்டவைத்தது.

நூலகப்பூச்சி:
ஒட்டு தெரிகிறதா? தெரியவில்லை இல்லையா, அப்புறம் என்ன. பதிப்புக்குப் பதிப்பு செதுக்கினால் குற்றமா? தவிர, வெளியே வந்தபின் நண்பர்களைத் தேடி மறுபடி அதே சுரங்கத்துக்குள் போவதுதான் கடமை என்று மனதைத் தேற்றிக்கொள்ளும்போதுதான் அவர்கள் பேச்சுச் சத்தம் கேட்கிறது.

ராயபுரத்தான்:
ஓரசீட்டு சொன்னதற்கு ஒரு பதில் பாக்கி. தங்கத்தைப் பற்றிய பாட்டெல்லாம் ஆளைக் கெடுக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் ராத்திரி அடுத்தவர் பாட்டைக் கேட்டு மயங்கியவன், காட்டில் தானே ஒன்றைக் கட்டிச் சண்டை போடுகிறான், கடைசியில் தன் ஊர் மேடு கண்ணில் பட்டதும் நின்று பாதைகளைப் பற்றித் தானே பாடுகிறான். அதில் தங்கம் இல்லை, வீடும் புல்வெளியும்தான். அதைக் கேட்டுத்தான் காண்டால்ஃப், நீ பழைய ஹாபிட் இல்லை என்கிறார். பாட்டைப் புரட்டினால், எதைக் கேட்டு அப்படிச் சொன்னார் என்றே தெரியாது.

ஓரசீட்டு:
அந்த ஒரு பாட்டுக்கு விலக்கு. மற்றவற்றில் நான் சொன்னது சொன்னதுதான்.

தாம்பரம்_லோக்கல்:
சரி, சிலந்திப் பாட்டையும் பாதைப் பாட்டையும் நாளைக் காலை படிக்கிறேன், பல்லாவரம் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் வழியில் வரும் ரிவென்டெல் என்கிற எல்ஃப் பள்ளத்தாக்கில் எல்ஃப்கள் மரத்தில் உட்கார்ந்துகொண்டு டிரா-லா-லா என்று பாடுகிறார்களே, அதற்கு யாராவது வக்காலத்து வாங்க முடியுமா?

ராயபுரத்தான்:
அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லையே பாஸ்.