எஃப்1 உதவி விசை இருக்கும்போது வழிமுறைத் தாள் எதற்கு? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

ஓசூர்_தரம்

நான்கு ஆண்டுகள் ஆகியும் மனத்தை விட்டுப் போகவில்லை. ஐஎஸ்ஓ தரத் தணிக்கைக்கு முன்பு ஸ்டோர்ஸ் சுவரில் இருந்த ஒர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் தாள்கள் அத்தனையையும் கழற்றச் சொன்னது நான்தான். ஈஆர்பி மென்பொருளில் ஒவ்வொரு திரைக்கும் உதவி இருக்கிறதே, தாளை யார் திருத்திக்கொண்டிருப்பது என்று ஒரு மிதப்பு.

ஆடிட்டர் ஸ்டோர்ஸ் பையனிடம், "தம்பி, வந்த சரக்கில் சில உருப்படிகளில் துரு இருக்கிறது. என்ன செய்வாய்?" என்றார். நான் சொல்லிக்கொடுத்தபடியே எஃப்1 அழுத்தினான். 'நிராகரித்த எண்ணிக்கையை இந்தக் கட்டத்தில் உள்ளிடவும்' என்று வந்தது. "சரி, எவ்வளவு துரு இருந்தால் நிராகரிப்பாய்?" திரையை மேலே உருட்டினான், கீழே உருட்டினான், மறுபடியும் மேலே. பிறகு திரும்பி என்னைப் பார்த்தான்.

என்சி (விதிமீறல் குறிப்பு) எழுதவில்லை, அப்சர்வேஷனோடு (கவனிப்புக் குறிப்பு) விட்டுவிட்டார். ஆனால் அந்தப் பார்வை! கழற்றிய தாளில் பதில் இருந்தது: தேய்த்தால் போகும் துரு என்றால் எடு, குழி விழுந்திருந்தால் திருப்பு.

இரவு_ஷிப்ட்

உங்களுக்காவது உதவி திறந்தது. எங்கள் அளவிடும் இயந்திரத்தின் மென்பொருள் பழையது, அதன் உதவி, எச்எல்பி என்ற பழைய வகைக் கோப்பு. விண்டோஸ் எக்ஸ்பி கணினி பழுதாகி விண்டோஸ் 7 வந்தது. விஸ்டா முதலே அந்த வகைக் கோப்பைத் திறக்கும் நிரல் விண்டோஸோடு வருவதில்லை. அப்போது தனியாகப் பதிவிறக்க வேண்டியிருந்தது. எங்கள் கணினிக்கு இணையமே கிடையாது. இரவு இரண்டு மணி, புரோபை (அளக்கும் முனை) மாற்றிவிட்டேன், மறுபடியும் கேலிபிரேட் செய்ய வேண்டும், முறை மறந்துவிட்டது. எஃப்1. உதவி இல்லை என்று ஒரு செய்தி. காலை ஆறு வரை உருப்படிகள் டிரேயில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, நானும்தான். கணினியை மாற்றிய நாளில் நாங்கள் ஒருவரும் எஃப்1 அழுத்திப் பார்க்கவில்லை.

கணக்குப்பிள்ளை

இருவரும் தாளைத் தெய்வமாக்குகிறீர்கள். எங்கள் அலுவலகத்தில் லேமினேட் செய்த தாள் ஒன்று இருந்தது. முதல் வரி: 'எஃப்1 அழுத்தி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கவும்.' டாலி ஈஆர்பி 9 கணக்கு மென்பொருளில் அது சரி. டாலிபிரைமுக்கு மாறிய பிறகு நிறுவனத்துக்கு எஃப்3, எஃப்1 உதவிக்குப் போய்விட்டது. தாள் மட்டும் அப்படியே தொங்கியது. புதிதாகச் சேர்ந்த பெண் முதல் நாள் எஃப்1 அழுத்தி, வந்த உதவிப் பட்டியலில் எதையோ திறந்து அரை மணி நேரம் படித்துக்கொண்டிருந்தார். கேட்டால், "முதலில் இதைப் படிக்க வேண்டும் போலிருக்கிறது சார்" என்றார். இத்தனைக்கும் பட்டன் பெயர் திரையிலேயே எழுதியிருக்கிறது. தாள் இல்லாதிருந்தால் பார்த்திருப்பார்.

பழைய_ஆடிட்டர்

எனக்கும் இப்படி ஒன்று உண்டு, வால்வு ஆலை ஒன்றில். அது இருக்கட்டும். ஓசூர் நண்பரே, உங்கள் பிழை தாளைக் கழற்றியது அல்ல. ஐஎஸ்ஓ 9001-இன் 2008 பதிப்பிலேயே பணி வழிமுறை 'தேவைக்கேற்ப' என்றுதான் இருந்தது. எழுதியே ஆக வேண்டிய நடைமுறைகள் ஆறு. 2015 பதிப்பில் அந்தக் கட்டாயமும் போய்விட்டது. எவ்வளவு எழுதி வைப்பது என்பது நிறுவனத்தின் அளவு, வேலையின் சிக்கல், ஆட்களின் திறமை ஆகியவற்றைப் பொறுத்தது என்று பிரிவு 7.5.1 சொல்கிறது. ஆகவே மென்பொருள் உதவியைத் தாராளமாக வழிமுறையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது வெளியிலிருந்து வந்த ஆவணம், 7.5.3-இன்படி அடையாளம் காட்டிக் கட்டுப்படுத்த வேண்டும். எந்தப் பதிப்பு என்று பட்டியலில் குறியுங்கள். மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட அன்றே யாராவது ஒருவர் உட்கார்ந்து உதவியைத் திறந்து பார்க்கட்டும் (இரவு ஷிப்ட் நண்பர் கவனிக்க). எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்பதை உதவியிடம் விட்டுவிடுங்கள். எதை எடுப்பது, எதைத் திருப்புவது, யாரைக் கேட்பது, இவை உங்கள் ஆலையின் முடிவுகள். எந்த மென்பொருள்காரனுக்கும் தெரியாது. இவற்றை மட்டும் அரைப் பக்கத்தில் எழுதி...

கோவை_பம்ப்

எங்கள் மென்பொருளின் சிஎச்எம் உதவிக் கோப்பைப் பொது டிரைவில் போட்டு எல்லோரும் பார்க்கலாம் என்றோம். இடப்பக்கம் தலைப்புகள், வலப்பக்கம் வெறும் வெள்ளை. நெட்வொர்க்கிலிருந்து திறந்தால் விண்டோஸ் தடுத்துவிடுமாம். ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டார்கள். இப்போது யாரிடம் எந்தப் பதிப்பு என்று கேட்காதீர்கள்.

ஓசூர்_தரம்

ஆடிட்டர் ஐயா, பிரிவு எண்கள் எனக்கும் மனப்பாடம். நான் கேட்டது அதுவல்ல. மறுநாள் காலை ஸ்டோர்ஸுக்குப் போனால், கோடு போட்ட நோட்டுத் தாளில் துருவைப் பற்றிய அந்த வரியைப் பையனே பேனாவால் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தான். ஆவண எண் இல்லை, தேதி இல்லை, கையொப்பம் இல்லை. கிழிக்க எனக்குக் கை வரவில்லை.

அடுத்த தணிக்கையில் அந்தத் தாளுக்காக என்சி வாங்கினோம்.