லூக்காவின் மதிலுக்குள் ஒரு கிண்ணம் சூப்

இத்தாலியின் டஸ்கனி பகுதியிலுள்ள லூக்கா நகரில் வேலை நிமித்தமாக மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். பழைய நகரைச் சுற்றி 4 கிலோமீட்டருக்கும் மேலாக நீளும் மதில் சிதையாமல் நிற்கிறது. அதன்மேல் மக்கள் நடக்கிறார்கள், மிதிவண்டி ஓட்டுகிறார்கள். அந்த மதிலுக்குள் வேற்று இனத்தாரின் உணவகங்களைப் புதிதாகத் திறக்கக் கூடாது என்று 2009-இல் நகராட்சி விதி வகுத்ததை முன்பே படித்திருந்தேன். ஏற்கெனவே நடந்துவந்த கபாப் கடைகளை மூடச் சொல்லவில்லை. இனி வருபவர்களுக்கு மட்டுமே தடை. தொன்மையான ஊர் தன் முகத்தைக் காத்துக்கொள்ள நினைப்பதில் என்ன தவறு என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

ஒரு மழை மாலையில், பழைய ரோமானிய அரங்கின் நீள்வட்ட வடிவத்தை இன்றும் விடாமல் வைத்திருக்கும் சதுக்கத்துக்குப் பின்புறச் சந்தில் ஒரு சிறிய உணவகத்துக்குள் நுழைந்து, ஊரின் பெருமையாகச் சொல்லப்படும் ஃபாரோ சூப்பைக் கேட்டேன். ஃபாரோ என்பது பழங்காலக் கோதுமை வகை. கரண்டி நிற்குமளவுக்குக் கெட்டியாக வந்த அந்தச் சூப்பில் பெரும்பகுதி மசித்த பீன்ஸ் விதைகள்தாம். மேலே கோடிழுத்தாற்போல் ஆலிவ் எண்ணெய். அந்தப் பீன்ஸோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த பயிர். பரிமாறிய முதியவரிடம் இதைச் சொன்னபோது, அது வந்து ஐந்நூறு ஆண்டு ஆகிவிட்டதே என்றார். அப்படியானால் கபாபும் ஐந்நூறு ஆண்டு காத்திருக்க வேண்டுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, தம் கடையின் வாடகை ஏறிய கணக்கைச் சொல்லத் தொடங்கினார்.

அந்தப் பேச்சில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. குடியிருந்தவர்கள் வீடுகளைப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விட்டுவிட்டு மதிலுக்கு வெளியே போக, அவர்களை நம்பியிருந்த ரொட்டிக் கடையும் செருப்புத் தைக்கும் கடையும் அவர் தெருவில் மூடப்பட்டன. அந்த இடங்களுக்கு வந்தவை, உறைந்த பாஸ்தாவை மைக்ரோவேவில் சூடாக்கித் தரும் இத்தாலிய உணவகங்கள். விதிக்கு அவற்றின்மீது எந்தப் புகாரும் இல்லை.

மறுமொழி:

டஸ்கனியின் தலைநகரான ஃபிளாரன்ஸில் படித்த காலத்தில் நான் கண்டது சற்று வேறு. அங்கு 2016-இல் வந்த விதி சமைப்பவரின் இனத்தைக் கேட்கவில்லை. பழைய நகரில் புதிதாகத் தொடங்கும் உணவுக் கடைகளில் 70 விழுக்காடு பொருள்கள் அந்தப் பகுதியைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டில் பேராலயச் சதுக்கத்தில் கடை திறக்க மெக்டொனால்ட்ஸ் கேட்ட அனுமதி மறுக்கப்பட, அந்நிறுவனம் ஏறத்தாழ 1.8 கோடி யூரோ இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. எனக்குப் பழக்கமான வங்கதேசத்துச் சமையற்காரர் ஒருவர், ஆட்டிறைச்சியும் காய்கறியும் எண்ணெயும் டஸ்கனியிலேயே கிடைப்பதால் மிளகும் ஏலக்காயும் மீதி 30 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். சதுக்கத்துக்கு அருகே ஒரு கடையின் வாடகையைக் கேட்டறிந்த பிறகு, அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ரயில் நிலையத்துக்கு அப்பால் இடம் தேடப் போய்விட்டார்.