புதுப்பிப்பு: வத்தின மாட்டு உடம்பு அளவு பத்தி கேட்டிருந்தேன்ல

போன பதிவுல நம்ம ஜெர்சி கலப்பு பசு பால் வத்தி நிக்குது, வயிறு பெருசா இருக்கு ஆனா இடுப்பெலும்பு தெரியுது, இது மெலிவா இல்லையானு கேட்டிருந்தேன். மன்னார்குடி பக்கத்துலேருந்து டாக்டர் வந்து பாத்துட்டாரு. உடம்புச் சதைக்கு 1 (ரொம்ப மெலிவு) லேருந்து 5 (ரொம்ப கொழுப்பு) வரை மார்க் போடுறதுல இது 2.75 வருமாம், கன்னு போடும்போது 3லேருந்து 3.5 இருக்கணும்.

வயித்த வச்சு முடிவு பண்ணாதீங்கன்னாரு, உள்ள கன்னும் வைக்கோலும்தான இருக்கு. வால் அடியில குழி எவ்ளோ ஆழம், இடுப்பு ஓரத்து சின்ன எலும்பு நுனி கைக்கு எப்படி தட்டுப்படுது, இதத்தான் தடவிப் பாக்கணும், கண்ணால மட்டும் பாத்தா ரோமம் ஏமாத்திடும். எனக்கு ரொம்ப உபயோகமா இருந்தது இதுதான்.

சம்பா வைக்கோல் மட்டும் போட்டா பத்தாது, கடைசி 2 மாசத்துலதான் கன்னு வேகமா வளருது, அதனால கோ-4ங்கிற கம்பு நேப்பியர் ஒட்டுப் புல்லும் அடர்தீவனமும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறோம். திடீர்னு அள்ளிப் போடக்கூடாது.

கீழ கமெண்ட்ல ஒரு அண்ணன் அவரு மாடு ரொம்ப கொழுத்திருக்கு, பட்டினி போடலாமானு கேட்டாரு. அண்ணே, தயவுசெஞ்சு வேணாம், இப்ப இளைக்க வச்சா உடம்புக் கொழுப்பு கரைஞ்சு ஈரல்ல சேந்துடும், கன்னு போட்டதும் தீனி எடுக்காம கீட்டோசிஸ்னு, கொழுப்பு அளவுக்கு மீறி கரையுறதால வர்ற நோய் வரும். கொழுத்த மாட்ட இளைக்க வைக்க வேண்டியது கறவையோட கடைசி மாசங்கள்லயே, வத்தினப்புறம் இல்ல. கன்னு போட்டதும் திரும்ப மார்க் பாத்து எழுதுறேன்.