பூந்தூள் அலர்ஜி இருக்கவங்க வீட்டுல தோட்டம் போடலாமா? (பாளையங்கோட்டை)

பாளை_வாசல்:
வீட்டுக்கு மேற்கால 20க்கு 15 அடி இடம் சும்மா கிடக்கு. அடுத்த மனை பூரா பார்த்தீனியம். ஆனி, ஆடிக் காத்துல அம்மாவுக்கு ஒரே தும்மல், கண் அரிப்பு. பூந்தூள் அலர்ஜின்னு டாக்டர் சொல்லிட்டாரு. அம்மாவுக்குப் பூச்செடின்னா உசிரு. புல்தரை, கேந்தி (செண்டுமல்லி), பிச்சி வைக்கலாமா?

வாய்க்கா_வரப்பு:
பிச்சி வைங்க, மத்த ரெண்டும் வேண்டாம் அண்ணாச்சி. பளிச்சுன்னு இருக்க பூவோட தூள் கனமா, பிசுபிசுன்னு இருக்கும். தேனீ, வண்டு மேல ஒட்டித்தான் போகும். காத்துல தூளைப் பறக்கவிடுற செடிதான் வம்பு: அருகம்புல், குப்பைக்கீரை, ஆமணக்கு, சவுக்கு. இதுகள்ல பூ இருக்கதே பாதிப் பேருக்குத் தெரியாது. கேந்தி, செவ்வந்தி எல்லாம் பார்த்தீனியத்துக்குப் பங்காளி. ஒண்ணு ஒத்துக்காதவங்களுக்கு மத்ததும் சேராமப் போகலாம்.

செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, சங்குப்பூ தாராளமா வைங்க. பிச்சியை மட்டும் படுக்கையறை ஜன்னலை விட்டுத் தள்ளி வைங்க. ஏற்கெனவே புண்ணான மூக்குக்கு வாசமே எரிச்சல்தான்.

புல்லுக்குப் பதிலா பொடுதலை. வாய்க்கா ஓரத்துல வேர்விட்ட கணுவாப் பாத்து எடுத்து, 20 செ.மீ. இடைவெளியில ஊணுங்க. தரையை மூடுற வரைக்கும் ஈரமும் களையெடுப்பும் விடக்கூடாது. விட்டா அருகு முந்திக்கும். பூக்கும்போது தேனீ மொய்க்கும், செருப்போட நடக்கணும்.

கல்லிடை_களை:
முதல்ல அடுத்த மனையைப் பாருங்க. பார்த்தீனியம் முளைச்சு ஒரு மாசத்துலயே பூத்துரும். மழை பேஞ்ச ஈரத்துல, பூக்கறதுக்கு முந்தி வேரோட பிடுங்கணும். கையுறை, மாஸ்க் கட்டாயம். அம்மா கிட்டயே வரக்கூடாது. பூத்ததை உரக்குழியில போட்டா விதை அப்படியே தோட்டத்துக்குத் திரும்பிரும். லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைச்சு, ஒட்டறதுக்குக் கொஞ்சம் சோப்புத் தண்ணி சேத்து, நல்ல வெயில்ல அடிச்சா கருகும். ஆனா ரோட்டோரத்தோட நிறுத்திக்கிடுங்க, தோட்டத்துக்குள்ள அடிச்சா மண்ணு கெட்டுரும்.

மேலக்காத்து:
ஐப்பசி, கார்த்திகையிலயும் தும்மல் நிக்கலன்னா பூஞ்சணமா இருக்கலாம். மழையில ஊறின தென்னைமட்டை, இலைச்சருகு மூடாக்கு எல்லாம் பூஞ்சணத்துக் கூடாரம். பூந்தொட்டி மண்ணு மேல மூடாக்குக்குப் பதிலா சரளைக்கல் பரப்புங்க. உரக்குழியை வேற ஆள் கிளறட்டும்.

செடிவேலைக்கு மழை ஓய்ஞ்ச நேரம், இல்லன்னா காத்து அடங்கின சாயங்காலம். முடிச்சதும் தலைக்குக் குளிச்சு உடுப்பை மாத்தணும். துணியைத் தோட்டத்துப் பக்கம் காயப்போடக் கூடாது.

டாக்டர் மூக்குல அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதியிருந்தா, தும்மும்போது மட்டும் அடிச்சுப் பிரயோசனமில்ல. சீசனுக்கு ரெண்டு வாரம் முந்தியே தொடங்கித் தினமும் அடிக்கணும். நுனி நடுச்சுவரைப் பாக்காம அந்தந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாயட்டும், இல்லன்னா ரத்தம் கசியும். மூச்சு இளைச்சா தோட்டப் பேச்சை விட்டுட்டு டாக்டர்கிட்ட போங்க.

பாளை_வாசல்:
மேற்குப் பக்கம் வேலிக்கு நர்சரியில கோனோகார்பஸ் சொல்லுதாங்க. சீக்கிரம் வளருமாமே?

வாய்க்கா_வரப்பு:
வளரும், தூளும் பறக்கும். வேண்டாம் அண்ணாச்சி. இரண்டரை அடிக்கு ஒண்ணா ஒத்தைச் செம்பருத்தி நட்டு, ஆளுயரத்துல வெட்டிவிடுங்க. அது வளர்ற வரைக்கும் 50 சதவீத நிழல்வலை கட்டினாப் போதும். வேலி இலையில வெளித்தூசி படியும், அதனால வெட்டறதுக்கு முந்தி ஹோஸ் பிடிச்சு நல்லா நனைச்சுக்கிடுங்க.