மேக்னிட்யூடுக்கு ஒளித்தரம் சரியா வருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

விண்மீன் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதைக் குறிக்கும் எண்ணான மேக்னிட்யூடுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பருமன், பரிமாணம், பொலிவெண், ஒளிப்படி என்று நான்கு சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: ஒளித்தரம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது என் மனத்தில் விழுந்த இடம் ஒரு பள்ளியின் மொட்டைமாடி. பிப்ரவரி மாதம், மாணவர்களுக்கு வானம் காட்டும் நிகழ்ச்சி. பத்து விண்மீன்களின் பெயர்களும் எதிரில் எண்களுமாக ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்திருந்தேன். சிரியஸ் -1.46, திருவாதிரை 0.5, ரோகிணி 0.9 என்று போகும். எண்களுக்கு மேலே தலைப்பு ‘பொலிவெண்’. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி டார்ச் வெளிச்சத்தில் தாளைப் பார்த்தாள், தலையைத் தூக்கி சிரியஸைப் பார்த்தாள், திரும்பவும் தாளைப் பார்த்தாள். “சார், பொலிவு மைனஸ்ல இருந்தா இருட்டாத்தானே இருக்கணும்? ஆனா இதுதான் எல்லாத்தையும் விடப் பளிச்சுனு இருக்கு?”

அவள் கேட்டது முழுக்கச் சரி. பொலிவெண் என்றால் பொலிவைச் சொல்லும் எண். எண் கூடினால் பொலிவும் கூட வேண்டும். மேக்னிட்யூடில் அது தலைகீழ். எண் ஏற ஏற விண்மீன் மங்கும். ‘இது தலைகீழான அளவு, அப்படியே மனப்பாடம் செய்துகொள்’ என்று சொல்லிவிட்டு அடுத்த மாணவரிடம் போக எனக்கு மனம் வரவில்லை. அவள் தமிழை நம்பித்தான் படித்தாள். நான் கொடுத்த சொல்தான் அவளை வேறு பக்கம் கூட்டிப்போயிற்று.

எண் ஏன் தலைகீழாக ஓடுகிறது? இந்த அளவு வரிசை வைப்பதில் தொடங்கியது. கிரேக்க வானியலாளர் தாலமி கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தொகுத்த அட்டவணையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மிகப் பளிச்சிடுபவை முதல் வகுப்பு, கண்ணுக்குத் தட்டுப்படுவதே கஷ்டம் என்பவை ஆறாம் வகுப்பு. பளிச்சிடும் மீன் உருவத்தில் பெரியது என்று அன்று நினைத்தார்கள். அதனால் அந்த வகுப்புக்குப் ‘பெரிது’ என்ற பொருள் தரும் சொல்லையே வைத்தார்கள். கிரேக்கத்திலும் அப்படி, லத்தீன் வழியாக வந்த மேக்னிட்யூடிலும் அப்படி. பருமன் என்ற சொல் மேக்னிட்யூடுக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்துவதாக இலங்கை நண்பர் எழுதியிருந்தார். பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழைய தவறான எண்ணமும் அதோடு சேர்ந்து வருகிறது. விண்மீனின் உண்மையான பருமனைப் பற்றியும் நாம் தினமும் எழுதுகிறோம். திருவாதிரை குறுக்களவில் சூரியனைவிடப் பல நூறு மடங்கு பருமனானது என்று ஒரு வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் அதன் பருமன் 0.5 என்று எழுத முடியுமா? பரிமாணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முப்பரிமாணம், நாற்பரிமாணம் என்று அது வேறு வேலைக்குப் போய்விட்டது.

சரி, இந்த வகுப்புக் கணக்கை அளவாக மாற்றியவர் ஆங்கிலேய வானியலாளர் நார்மன் போக்சன். 1856-இல் ஆக்ஸ்போர்டில் வேலை பார்த்தபோது ஒரு வரையறை சொன்னார்: முதல் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் இடையே ஒளி 100 மடங்கு வேறுபடுவதாக வைத்துக்கொள்வோம், அப்படியானால் ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 2.512 மடங்கு. இன்றுவரை உலகம் முழுவதும் இந்தக் கணக்குதான். அந்தப் போக்சன் 1861-இல் சென்னைக்கு வந்தார். நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்துக்குத் தலைமையேற்றார், 1891-இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தார். அப்படிக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பக்கத்து மீன்களோடு ஒப்பிட்டு அதன் மேக்னிட்யூடை இரவு தவறாமல் குறித்து வர வேண்டும். நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே நுங்கம்பாக்கத்தில் புழங்கிய ஓர் அளவுக்கு நாம் இன்னும் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு உறுத்துகிறது.

இப்போது தரம். அரிசிக் கடையில் ‘முதல் தரம்’ என்றால் சிறந்தது, ‘இரண்டாம் தரம்’ என்றால் அதற்கு அடுத்தது. வெல்லத்துக்கும் அப்படித்தான், பருத்திக்கும் அப்படித்தான். எண் சிறியதாக இருந்தால் சரக்கு மேல் என்பது தமிழ் பேசும் எவருக்கும் விளக்காமலே தெரியும். தாலமி செய்ததும் இதே தரம்பிரிப்புதான். ஒளித்தரம் 1 என்றால் நல்ல வெளிச்சம், 6 என்றால் மங்கல். எண் ஏன் தலைகீழ் என்ற கேள்வியே எழாது. அந்த மாணவியிடம் ஒளித்தரம் என்று தலைப்புப் போட்ட தாளைக் கொடுத்திருந்தால், சிரியஸ் முதல் தரத்தையும் தாண்டி மேலே நிற்கிறது என்று அவளே படித்துக்கொண்டிருப்பாள்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு அருந்ததி. கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறோமே, அதே மீன். அதன் ஒளித்தரம் 4. ஒட்டி நிற்கும் வசிட்டருக்கு ஏறத்தாழ 2. இரண்டு தரம் வித்தியாசம்; அதாவது வசிட்டரின் ஒளி சுமார் 6 மடங்கு. இந்த இரண்டு வரியில் எந்த இடமாவது இடறுகிறதா, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

மறுப்புகளுக்கு வருகிறேன். தனிமடலில் இந்தச் சொல்லைச் சொன்னதும் மூன்று பேர் மூன்று விதமாக மறுத்தார்கள்.

‘மூன்றாந்தரம்’ என்பது தமிழில் வசவு அல்லவா என்றார் ஒருவர். வலுவான மறுப்பு, இரண்டு நாள் இதையே யோசித்தேன். துருவ மீனை இரண்டாந்தர விண்மீன் என்று எழுதினால் எனக்கே கூசும். ஆகவே பெயரடையாக்க வேண்டாம், ‘ஒளி’யை விட்டுத் ‘தர’த்தைத் தனியே நிறுத்தவும் வேண்டாம். ‘ஒளித்தரம் 2 உள்ள துருவ மீன்’ என்றே எழுதுவோம். ஒளி என்ற முன்சொல் பக்கத்திலேயே இருக்கும்வரை வசவு நெருங்காது.

இலங்கையில் தரம் என்றால் வகுப்பு. தரம் 5-ஐவிடத் தரம் 10 மேல். அங்கே எண் ஏறினால் உயர்வுதானே என்பது அடுத்த மறுப்பு. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் முதற்தரம் என்ற வழக்கு அங்கும் உயிரோடு இருக்கிறது. அது கைகொடுக்கும் என்று நம்புகிறேன். யாழ்ப்பாணத்து நண்பர்கள்தான் இதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாமவர், ஒளியின் தரம் என்றால் நல்ல ஒளி, கெட்ட ஒளி என்று பொருள் வருமே என்றார். வரலாம். ஆனால் இதோடு எப்போதும் ஓர் எண் ஒட்டிக்கொண்டே வரும். எண்ணோடு பார்ப்பவர் அப்படிக் குழம்புவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒளிப்படியைப் பற்றி ஒரு வார்த்தை. படி என்ற சொல் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஏறுவதும் இறங்குவதும் அதிலேயே தெரிகிறது. ஆனால் ஜெராக்ஸ் கடைப் பலகைகளில் ‘ஒளிப்படி எடுக்கப்படும்’ என்று எழுதிவிட்டார்கள். அவர்களிடமிருந்து திரும்ப வாங்க முடியாது.

ஒரு கலைச்சொல்லின் உண்மையான சோதனை அதன் குடும்பத்தில்தான் இருக்கிறது. நம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அது தோற்ற ஒளித்தரம். எல்லா மீன்களையும் 10 பார்செக், அதாவது 32.6 ஒளியாண்டுத் தொலைவில் கொண்டுபோய் நிறுத்தினால் எப்படித் தெரியுமோ அது தனி ஒளித்தரம். சூரியனின் தோற்ற ஒளித்தரம் -26.7, தனி ஒளித்தரம் 4.8. அவ்வளவு தூரத்தில் வைத்தால் நம் சூரியன் அருந்ததியைவிடவும் மங்கல். சிலர் இதை உண்மை ஒளித்தரம் என்கிறார்கள். 10 பார்செக் என்பது நாம் வசதிக்காக வைத்துக்கொண்ட தூரம், அதில் உண்மை, பொய் எதுவும் இல்லை. தனி வெப்பநிலை என்று எழுதிப் பழகிவிட்டோம், இங்கும் தனி இருக்கட்டும்.

அப்புறம் டிஸ்டன்ஸ் மாடுலஸ். இதைத் தொலைவு மட்டு என்று எழுதுகிறோம், படிப்பவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. தோற்ற ஒளித்தரத்திலிருந்து தனி ஒளித்தரத்தைக் கழித்தால் வரும் எண் அது. தொலைவுத் தரவேறுபாடு என்று சொல்லிவிட்டால் கழித்தல் சொல்லிலேயே இருக்கிறது. ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்துக்கு (கேலக்ஸி) அது ஏறத்தாழ 24.4, அதை வைத்துக் கணக்குப் போட்டால் தொலைவு 25 லட்சம் ஒளியாண்டு. வானியலாளர் எட்வின் ஹபிள் 1923-இல் அந்த மண்டலத்துக்குள் செஃபீட் என்ற வகையைச் சேர்ந்த, ஒளி மாறும் மீன் ஒன்றைக் கண்டதும் இந்தக் கழித்தலைத்தான் செய்தார். செஃபீடின் ஒளி கூடிக் குறையும் கால இடைவெளி தெரிந்தால் தனி ஒளித்தரம் தெரியும் என்று ஹென்ரியட்டா லெவிட் 1912-லேயே வழி காட்டியிருந்தார். தோற்ற ஒளித்தரத்தைப் புகைப்படத் தட்டில் அளந்து, கழித்து, இது நம் மண்டலத்துக்கு வெளியே வேறொரு மண்டலம் என்று ஹபிள் சொன்னார்.

இன்று ஹபிள் தொலைநோக்கி பல நாள் ஒளி சேர்த்து எடுத்த ஆழப் படங்களில் ஒளித்தரம் 31 வரை மண்டலங்கள் தெரிகின்றன. வெறுங்கண்ணின் எல்லை 6. நடுவில் 25 தரம். ஐந்து தரத்துக்கு 100 மடங்கு என்றால் ஆயிரம் கோடி மடங்கு மங்கல். ஒளித்தரம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு பத்தாம் வகுப்பு மாணவர் இந்தக் கணக்கை விரல்விட்டுப் போட்டுவிடலாம்.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. கருவி ஒரு மீனின் ஒளியை நொடிக்கு ஒன்று என்ற எண்ணிக்கையில் பதிவு செய்தால் அதற்கு என்ன ஒளித்தரம் என்று முன்கூட்டியே கட்டிவைக்கும் எண், ஜீரோ பாயின்ட். சுழிப்புள்ளி என்று எழுதினால் வெப்பமானியில் இருக்கும் பூஜ்யம் போல ஆகிவிடுகிறது. ஒப்புத்தரம், அடித்தரம் என்று இரண்டு எழுதிப் பார்த்தேன். முன்னது பரவாயில்லை, பின்னதில் அந்தப் பழைய வசவு வாடை வந்துவிடுகிறது. உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கான தாள் ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பில் ஒளித்தரம் என்றே போடுகிறேன்.