கிரீன் ஓரத்து அடர்ந்த புல்: உங்களுக்கு என்ன நடந்தது?

கோல்ஃபில் குழி இருக்கும், புல்லை ஒட்ட வெட்டிய இடம்தான் கிரீன். அதை ஒட்டியே விழுந்தது பந்து. ஆனால் கணுக்கால் மறையும் புல், பந்தின் தலை மட்டும் தெரிகிறது. என்னுடன் ஆடியவர் முகம் சாய்ந்த சாண்ட் வெட்ஜ் மட்டையை எடுத்துப் பட்டும் படாமலும் ஒரு சிப், அதாவது குட்டி அடி, அடித்தார். கிளப் (மட்டை) புல்லில் திணறி, எழும்பிய பந்தை மறுபடியும் ஒரு தட்டு தட்டிவிட்டது. அடித்த நேரத்தைவிட அபராதம் உண்டா இல்லையா என்ற வாக்குவாதம்தான் நீண்டது. 2019 முதல் கிடையாது; தவறுதலாக இரண்டு முறை பட்டாலும் கணக்கில் ஒரே ஸ்ட்ரோக் (அடி)தான். தைவான் வீரர் டி.சி. சென்னுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1985 யு.எஸ். ஓப்பன் போட்டியின் கடைசி நாளில் நான்கு ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்தவர், ஐந்தாவது குழியில் இதே மாதிரி இரட்டை அடி விழுந்து, நான்கு அடியில் முடிக்க வேண்டிய பார் 4-இல் 8 எடுத்தார். கோப்பை கைநழுவியது ஒரே ஸ்ட்ரோக்கில்!

அந்தப் 'பட்டும் படாமலும்'தான் வினை. குழி பக்கத்தில் இருக்கிறதே என்று கையை அடக்கினால் கிளப் புல்லிலேயே நின்றுவிடும். இன்னொன்று, புல் கிளப்பின் கழுத்தைச் சுற்றி, பந்தில் படும் முகத்தை உள்பக்கம் திருப்பி மூடிவிடும். வலது கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். நான் முதலில் கிளப் முகத்தை வெளிப்பக்கம் திருப்பி நன்றாகத் திறந்துவிட்டு, அப்புறம்தான் கிளப்பைப் பிடிப்பேன். இடது கையின் கடைசி மூன்று விரல்கள் இறுக்கமாக இருக்கும். பங்கர் எனும் மணற்பள்ளத்தில் மணலை அடிப்பதுபோல, பந்துக்குச் சற்றுப் பின்னால் இறக்கி, நிறுத்தாமல் முடிப்பேன். போன வாரம் பந்து அழகாக எழும்பி, குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் விழுந்து, நிற்காமல் மறுமுனைக்கு ஓடியது. முகத்துக்கும் பந்துக்கும் நடுவே புல் மாட்டினால் பந்தை நிறுத்தும் ஸ்பின் (பின்சுழல்) ஏது? இப்போதெல்லாம் கிரீனின் விளிம்பிலேயே இறக்கப் பார்க்கிறேன்.

எல்லாப் பந்தும் அடியில் கிடப்பதில்லையே. புல் நுனியில் மெத்தைமேல் வைத்ததுபோல் நிற்பதுதான் எனக்குக் கஷ்டம். எங்கள் குழுவில் ஒருவர் முகம் இன்னும் சாய்ந்த 60 டிகிரி லாப் வெட்ஜால் ஓங்கி வீசினார். கிளப் அடியில் புகுந்து போய்விட்டது. பந்து இருந்த இடத்திலேயே சொத்தென்று உட்கார்ந்தது. இப்படி நின்றால் கிளப்பைக் கொஞ்சம் கீழே பிடித்து, தரையில் வைக்காமல் பந்தின் உயரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பந்துக்குப் பின்னால் கிளப்பை ஊன்றிப் பந்து அசைந்தால் ஒரு ஸ்ட்ரோக் அபராதம், பந்தைப் பழைய இடத்திலும் வைக்க வேண்டும். புல்லை அமுக்கி வழி பண்ணினால் இரண்டு. சிலர் இதைச் சாவகாசமாகச் செய்கிறார்கள், கேட்டால் முறைப்பு வேறு.

1982 யு.எஸ். ஓப்பனில், பெபிள் பீச் மைதானத்தின் 17-ஆவது குழியில், டாம் வாட்சன் சாண்ட் வெட்ஜால் கிரீன் ஓரப் புல்லிலிருந்து நேராகக் குழிக்குள்ளேயே அடித்து ஜாக் நிக்லாஸை முந்தினார். அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் கொடியைக் குறிவைக்கிறார்கள். பந்து எப்படிக் கிடக்கிறது என்று முதலில் குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்? முழுக்கப் புதைந்திருந்தால் நான் கொடியை மறந்துவிடுவேன். கிரீனில் ஏறினால் போதும், மிச்சத்தை, பந்தை உருட்டிவிடும் பட்டர் கிளப் பார்த்துக்கொள்ளும்.